ஷியர் கிராமத்துலேர்ந்து ரோடு சைக்கிள்ல எந்த ரூட் நல்லது?

இங்கிலாந்துல சர்ரே கவுண்டில இருக்கற ஷியர்ல தங்குறீங்கன்னா ஏ25 மெயின் ரோட்டை முடிஞ்சவரை விட்டுடுங்க, வண்டி ஜாஸ்தி. தெற்கே பீஸ்லேக், ஹோம்பரி செயின்ட் மேரி வழியா லீத் ஹில் ஏறி, கோல்ட்ஹார்பர் பக்கமா டார்க்கிங் இறங்குங்க. லீத் ஹில் 294 மீட்டர்தான், நம்ம ஊட்டிய நினைச்சா சிரிப்பு வரும், ஆனா சின்ன சின்ன ஏத்தம் திடீர் திடீர்னு செங்குத்தா வந்து காலை ஒரு வழி பண்ணிடும். லேன் ரொம்ப குறுகல், ரெண்டு பக்கமும் வேலி, எதிர்ல டிராக்டர் வந்தா ஒதுங்க இடமே இருக்காது, அதனால இறக்கத்துல பிரேக்ல கை இருக்கட்டும். தெம்பு மிச்சம் இருந்தா டார்க்கிங் பக்கத்துல பாக்ஸ் ஹில்லும் ஏறுங்க, 2012 ஒலிம்பிக் ரோடு சைக்கிள் ரேஸ்ல ஆண்கள் 9 ரவுண்டு சுத்துன அதே ஏத்தம், சீரா இருக்கும், உண்மையில லீத் ஹில்லை விட ஈஸி.