நாய் வளர்க்கும் வீட்டில் நாற்றமும் உண்ணியும்: முதலில் ஃபினாயிலை நிறுத்துங்கள்

கேள்வி: திருவட்டாருக்கு அருகில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். சிவப்பு சிமெண்ட் தரை. மூன்று வயது ஆண் லாப்ரடார் நாய் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பிறகு வீடு முழுவதும் ஒரு வாடை. நாள்தோறும் மூன்று முறை ஃபினாயில் போட்டுத் துடைத்தும் போகவில்லை. சுவரில் உண்ணிகள் ஏறுவதையும் பார்க்கிறேன். தவழும் குழந்தை இருக்கிறது. மாமியாருக்கு இழுப்பு (ஆஸ்துமா) உண்டு. நாயை வெளியே கட்டிவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் மனம் வராததில் தவறில்லை. வீட்டாரோடு மூன்று வருடம் படுத்தெழுந்த நாயைத் திடீரென்று சங்கிலியில் கட்டினால் அது குரைக்கும், மண்ணைத் தோண்டும், தன் மூத்திரத்தின் மேலேயே படுக்கும். உண்ணியும் அங்கேதான் அதிகமாக ஏறும். நாய் உள்ளேயே இருக்கலாம். மாற வேண்டியது நீங்கள் துடைக்கும் முறையும், நாய் உள்ளே வரும் முறையும்.

ஃபினாயிலை இன்றே நிறுத்துங்கள். நாய் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். பல ஃபினாயில்களில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் நக்குவதாலும் தோல் வழியாகவும் உடலுக்குள் போய், எச்சில் வழிதல், வாந்தி, பாதப் புண் ஆகியவற்றை உண்டாக்கும். பூனை இருந்தால் ஆபத்து இன்னும் பெரியது. தவழும் குழந்தையின் கையும் அதே தரையில்தான் படுகிறது. இழுப்பு உள்ளவருக்கு அந்தக் காட்டமான வாசனையே மூச்சை இறுக்கும். இத்தனைக்குப் பிறகும் அது நாற்றத்தை மூடுகிறதே தவிர எடுப்பதில்லை. அன்றாடம் துடைக்க இளஞ்சூடான தண்ணீரும் சிறிது சோப்புக் கரைசலும் போதும். துடைத்த பின் மின்விசிறியைப் போட்டுத் தரையை உலர விடுங்கள்.

அந்த வாடை ஏன் மழையில் மட்டும் கிளம்புகிறது? நாயின் மூத்திரத்தில் உள்ள உப்புகளும் மற்றக் கழிவுப் பொருள்களும் தரையின் நுண்துளைகளில் படிந்துவிடும். பழைய சிவப்புத் தரை மேலே மினுங்கினாலும், மெருகு தேய்ந்த இடங்களில் சிமெண்ட் நன்றாக உறிஞ்சும். வெயிற்காலத்தில் அந்தப் படிவு காய்ந்து சும்மா கிடக்கும்; காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி மணக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றை அடுத்து ஒன்றாகப் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை இந்தத் தொல்லைக்கு ஓய்வு குறைவு.

இதைத் தீர்க்க, செல்லப்பிராணிக் கடைகளில் மூத்திரக் கறைக்கென்றே விற்கப்படும் என்சைம் திரவம் ஒரு புட்டி வாங்குங்கள். கறை எங்கே என்று தெரியவில்லையென்றால், இரவில் விளக்கை அணைத்துவிட்டு யு.வி. (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மூத்திரக் கறை மங்கலாக ஒளிரும். அந்த இடத்தைச் சாதாரணத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, ஃபினாயிலின் மிச்சத்தை முதலில் போக்க வேண்டும், ஏனென்றால் கிருமிநாசினி மிச்சமிருந்தால் என்சைம் வேலை செய்யாது. பிறகு திரவத்தைத் தாராளமாக ஊற்றி, ஈரத்துணியால் மூடி, புட்டியில் குறிப்பிட்ட நேரம் வரை காயாமல் வைத்திருந்து துடைத்தெடுங்கள். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும். புதிதாகப் பெய்த மூத்திரத்தைத் தேய்க்காதீர்கள். பழைய துணியை மேலே போட்டு அழுத்தி ஒற்றியெடுங்கள்.

வினிகரோ எலுமிச்சைச் சாறோ வேண்டாம். அமிலம் சிமெண்டை அரித்து, எத்தனையோ வருடம் தேய்த்து வந்த தரையின் மெருகைக் கெடுத்துவிடும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் நேராகத் தூவுவது இன்னும் மோசம்: மூத்திரத்திலுள்ள அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்து மூச்சை அடைக்கும் வாயு கிளம்பும். இழுப்புள்ளவர் இருக்கும் வீட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அம்மோனியா கலந்த தரைத் திரவங்களையும் தவிருங்கள். அந்த மணம் நாய்க்கு மூத்திரம்போலவே தோன்றுவதால் அதே இடத்தில் மறுபடியும் பெய்யும்.

மூன்று வயது நாய் ஏன் உள்ளே பெய்கிறது என்பதையும் கவனியுங்கள். மழைக்கு அஞ்சி வெளியே அடக்கிக்கொண்டு உள்ளே வந்து விடுகிறதா, சுவர் மூலையில் காலைத் தூக்கி அடையாளம் போடுகிறதா, அல்லது அடிக்கடி சிறிது சிறிதாகப் போகிறதா? முதலாவதற்குப் புறவாசலில் கூரைக்குக் கீழ் ஓர் இடம் பழக்கினால் போதும். இரண்டாவது, கருத்தடை அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் குறையும். மூன்றாவது மூத்திரப்பாதைத் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள்.

வாடை தரையிலிருந்து மட்டும் வருவதில்லை. நாயைப் பக்கத்தில் உட்கார வைத்து நான்கு இடங்களை மோந்து பாருங்கள்: காதின் உட்புறம், வாய், விரலிடுக்கு, வாலின் அடி. லாப்ரடாருக்குத் தொங்கும் காது; மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை வளர்ந்து, புளித்த மாவு போல மணக்கும், பழுப்பு நிற அழுக்கும் சேரும். வாலின் அடியில் மீன் கவிச்சை போன்ற நாற்றம் இருந்தால் ஆசனவாய்ச் சுரப்பிகள் நிரம்பியிருக்கலாம். இவற்றுக்கு வைத்தியம்தான் வழி. அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு செதில் அதிகமாகலாம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நாய்க்கான ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, அடிமயிர்வரை காயத் துவட்டுங்கள். மனிதர்களின் ஷாம்பூ நாயின் தோலுக்கு ஒத்துவராது.

இப்போது வாசற்படிக்கு வருவோம். அழுக்கும் ஈரமும் உள்ளே வரும் வழி அதுதான் என்பதால், நான் அதிகம் வற்புறுத்துவதும் இதையே. அகலமான ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீரும், பக்கத்தில் நாய்க்கென்று இரண்டு பழைய துவர்த்தும் (துண்டும்) எப்போதும் இருக்கட்டும். தோட்டத்துக்குப் போய் வந்த நாயின் காலை ஒவ்வொன்றாக முக்கி, செம்மண்ணைக் கழுவி, விரலிடுக்கைப் பிரித்து ஒற்றித் துடையுங்கள். ரப்பர்த் தோட்டத்தில் மழைக்கு அட்டை அதிகம். தரையில் காரணம் தெரியாத ரத்தத்துளி கண்டால் முதலில் விரலிடுக்கையும் மூக்கின் ஓரத்தையும் பாருங்கள். வாசலில் போடும் தும்பு (தேங்காய்நார்) மிதியடி மழைக்காலம் முழுக்க ஈரப்பதத்தோடே கிடக்கும், அதற்குள் தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் சுகமாக வளரும். டிசம்பர்வரை அதை எடுத்துவிட்டுத் துவைக்கக்கூடிய பருத்தி மிதியடியைப் போடுங்கள். நாய்க்குப் பஞ்சு மெத்தையும் வேண்டாம். கயிற்றுக் கட்டிலோ நாடாக் கட்டிலோ போட்டு, மேலே விரிக்கும் துணியை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து, வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்தில் காயப்போடுங்கள்.

சுவரில் ஏறும் உண்ணி பழுப்பு நாய் உண்ணியாகத்தான் இருக்கும். வீட்டுக்குள்ளேயே வாழ்நாளை முடிக்கக்கூடியது அந்த இனம். இரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரேறி, கதவு நிலையின் விரிசலிலோ மச்சுப் பலகையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பொரித்த குஞ்சுக்கு ஆறு கால். அது நாயைத் தேடி ஏறிக் குடித்து இறங்கித் தோலுரிக்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். உணவில்லாமலும் பல மாதம் காத்திருக்கும். அதனால்தான் நாயை மட்டும் மருந்து போட்டுக் குளிப்பாட்டியவர்கள், மூன்றே வாரத்தில் மறுபடியும் வந்துவிட்டது என்று சலித்துக்கொள்கிறார்கள்.

நாய்க்கு, எடை பார்த்து மருத்துவர் எழுதித்தரும் உண்ணி மாத்திரையே இன்று நம்பகமான வழி; வகையைப் பொறுத்து ஒரு மாதமோ மூன்று மாதமோ காக்கும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு தவணையோடு நிறுத்தாமல் மழை முடியும்வரை தொடருங்கள். வீட்டுக்கு, நிலை, சன்னல் சட்டம், சுவரும் தரையும் சேரும் ஓரம் ஆகியவற்றின் விரிசல்களைச் சுண்ணாம்பாலோ சுவருக்குப் பூசும் பட்டியாலோ (putty) அடையுங்கள். பூச்சிமருந்து தெளிப்பதானால் குழந்தை, மாமியார், நாய், பூனை எல்லாரும் வெளியே போய், காய்ந்து காற்றோட்டம் வந்த பிறகே திரும்ப வேண்டும். உடலில் ஒட்டிய உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சானிடைசர் ஊற்றிய டப்பாவில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள். வாழைக்கும் ரப்பருக்கும் அடிக்கும் மருந்தைக் கலக்கி நாயின் மேல் ஊற்றுவதைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். அதனால் நாய்கள் துடித்துச் சாகின்றன. தயவுசெய்து அதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உண்ணி கடித்த நாய் சாப்பிடாமல் காய்ச்சலோடு சோர்ந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். எர்லிக்கியா என்னும் இரத்தக் கிருமி இதே உண்ணி வழியாகத்தான் பரவுகிறது.

மயிர் உதிர்வதை நிறுத்த முடியாது, லாப்ரடார் வருடம் முழுக்க உதிர்க்கும். தினம் பத்து நிமிடம் வெளியே வைத்து ரப்பர் பிரஷால் வாருங்கள். உள்ளே காய்ந்த வாரியலால் பெருக்கினால் அது காற்றில் எழும். லேசாக ஈரமாக்கிய துணியால் முதலில் ஒற்றி எடுங்கள்.

மாமியாரின் இழுப்புக்கு நாய் காரணமானால், ஒவ்வாமை தருவது பெரும்பாலும் மயிர் அல்ல, நாயின் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் உள்ள புரதம். ஆகவே மயிரை மொட்டையடிப்பதால் பயனில்லை. அவர் படுக்கும் அறைக்குள் நாய் எந்நேரமும் நுழையக் கூடாது. கதவு மூடியே இருக்கட்டும். அப்படியும் இழுப்பு கூடினால் நுரையீரல் மருத்துவரிடம் பரிசோதிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்காக மூன்று காரியம். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து. முற்றத்தில் போகும் மலத்தை அன்றன்றே அள்ளுவது. உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் சில வாரம் கிடந்த பிறகே தொற்றும் பருவத்தை அடைகிறது. மூன்றாவது தடுப்பூசி: வெறிநோய்க்கும் எலிக்காய்ச்சலுக்கும் வருடம்தோறும். தேங்கிய நீரிலும் எலி மூத்திரத்திலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாயின் மூத்திரம் வழியாக வீட்டுக்கும் வரும். ஆதலால் மூத்திரத்தைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள். இரவில் சோற்றுப்பாத்திரத்தில் மிச்சம் வைத்து எலியை அழைக்காதீர்கள்.

இந்த வாரம் என்சைம் திரவமும் உண்ணி மாத்திரையும்; அடுத்த வெயில் நாளில் விரிசல் அடைப்பு. பதினைந்து நாளுக்குப் பிறகு மூத்திர வாடை எந்த மூலையில் மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி ஊற்றுங்கள்.