பையன் பத்தாவது பாஸ், அதனால்தான் கூடுதலாகப் பயப்படுகிறேன்

அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரை மூன்று தடவை படித்துவிட்டேன். துபாய்க்கு அனுப்பலாமா, பாதுகாப்புதானா என்று கேட்டிருந்தீர்கள். துபாயில் ஒரு குறையும் இல்லை. ஐடிஐ எலக்ட்ரீஷியன், இரண்டு வருடம் மும்பை செம்பூரில் பில்டிங் சைட்டில் வேலை பார்த்த பையன், தாராளமாகப் போகலாம். எனக்கு இடிப்பது அந்தக் காகிதம்தான்.

ஒரே பக்கம், ஒரு சீல், கீழே ஜிமெயில் முகவரி. சம்பளம் 1,800 திர்ஹாம் என்று மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஓரமாக ஒரு வரி: 60 நாள் விசிட் விசா, வந்தபின் மாற்றித் தரப்படும். இதற்கு ஏஜென்ட் கேட்பது 1,20,000 ரூபாய், பாதி முன்பணம், அதுவும் ரொக்கமாக.

பையன் பத்தாவது பாஸ், பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர் (எமிகிரேஷன் செக் தேவையில்லாத வகை), அதனால் கவர்ன்மென்ட் பக்கமே போக வேண்டாம், டிக்கெட் போட்டால் கிளம்பலாம் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'எமிகிரேஷன் செக் ரெக்வயர்ட்' என்று அச்சடித்திருக்கும். அவர்கள் அமீரகம், சவுதி, குவைத், மலேசியா என்று 18 நாடுகளில் எதற்கு வேலைக்குப் போனாலும் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் புரொடெக்டர் ஆஃப் எமிகிரண்ட்ஸ் என்ற மத்திய அரசு அலுவலகம் ஒப்புதல் கொடுத்தால்தான் விமானம் ஏற முடியும், 10 லட்ச ரூபாய்க்கான பிரவாசி பீமா இன்சூரன்ஸும் எடுத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் சவுதி போகும்போது அந்த ஒப்புதலுக்காக அலைந்த கதையை நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். அந்த அலைச்சலில்தான் அவருடைய கான்ட்ராக்டை யாரோ ஒரு அதிகாரி எடுத்துப் பார்த்தார். பையனுக்கு அலைச்சல் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. அதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் 1983ஆம் வருட எமிகிரேஷன் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத்தான் ஆர்.சி. நம்பர் என்பார்கள். இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் பதிவான ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது, பையனே போனில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவான். "நான் பெரிய ஏஜென்சிக்கு சப் ஏஜென்ட்" என்று தாராவி 90 அடி ரோட்டில் ஒரு மேசை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பெரிய ஏஜென்சியின் நம்பரைக் கேளுங்கள், பிறகு அந்த ஏஜென்சிக்கே நேராகப் போய்விடுங்கள். பதிவான ஏஜென்ட்டும் வேலைக்குப் போகிறவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ஆக 35,400தான் வாங்கலாம், அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். அமீரகச் சட்டமோ இன்னும் ஒரு படி மேல், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ வாங்கக் கூடாது என்கிறது. அப்படியென்றால் 1,20,000 எந்தக் கணக்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அடுத்தது அந்த 60 நாள். முறையான எம்ப்ளாய்மென்ட் என்ட்ரி பெர்மிட்டும் (வேலைக்கான நுழைவு அனுமதி) 60 நாளுக்குத்தான் வரும். அந்தக் கெடுவுக்குள் மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, விசா எல்லாவற்றையும் கம்பெனி முடிக்கும். விசிட் விசாவும் 60 நாளுக்குக் கிடைக்கும் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். விசா பிடிஎஃப்பைத் திறந்தால் மேலேயே எந்த விசா என்று எழுதியிருக்கும், அந்த வார்த்தையைப் பாருங்கள். விசிட்டில் போய் வேலை தேடலாம், வேலை கிடைத்தால் அங்கேயே மாற்றவும் வழி உண்டு. ஆனால் பெர்மிட் கைக்கு வரும்வரை ஒரு ஒயரைத் தொட்டாலும் அது சட்டவிரோத வேலை. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024இலிருந்து குறைந்தது 1 லட்சம் திர்ஹாம் அபராதம் என்று உயர்த்தியிருக்கிறார்கள். மாட்டினால் உங்கள் பையனையும் நாடு கடத்தலாம்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். 2023இல் என்னிடம் வந்த ஒரு பையனிடம் "விசிட்டில் போ, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்று நானே வாய்கூசாமல் சொன்னேன். மூன்று வாரம் வேலை வாங்கிவிட்டு, கான்ட்ராக்ட் இல்லையே என்று சம்பளம் தராமல் விட்டுவிட்டார்கள். துபாய் தேராவில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்குத் தரும் பெட் ஸ்பேஸில் குபூஸ் ரொட்டியும் தயிரும் தின்றுகொண்டு கிடந்தான். விசா முடிந்து 22 நாள், நாளுக்கு 50 திர்ஹாம், அபராதம் மட்டும் 1,100. அவன் அப்பா இன்றைக்கும் மாட்டுங்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் முகம் கொடுப்பதில்லை.

சரி, ஒழுங்கான ஆஃபர் எப்படி இருக்கும்? அது அமீரக மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வரும். அந்த அமைச்சகத்தை அங்கே மோஹ்ரே என்பார்கள். அரபியும் ஆங்கிலமும் கட்டாயம், கூடவே தொழிலாளிக்குத் தெரிந்த மொழி ஒன்றும் இருக்கும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு, அக்கா. அதனால் "தமிழில் அனுப்புங்கள், நானும் படிக்க வேண்டும்" என்று தயங்காமல் கேளுங்கள்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்பது. மொத்தம் 1,800 இருக்கட்டும், பேசிக் 800 என்று போட்டால் ஒரு கணக்கு, 1,200 என்று போட்டால் வேறு கணக்கு. வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் பேசிக். 800க்கு வருடம் 560 திர்ஹாம் வரும், 1,200க்கு 840. ஓவர்டைமும் பேசிக்கை வைத்துத்தான், சாதாரண நேரத்தில் 25 சதவீதம் கூட, ராத்திரி 10 மணிக்கு மேல் 50 சதவீதம் கூட. டியூட்டி வாரம் 48 மணி நேரம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30இலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. சைட்டில் நிற்கிற பையனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. புரொபேஷன் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது, பத்திரமாக இருக்கும் என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று பையனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

மகள் விஷயம் தனி. அவளுக்கு டெலிகிராமில் வந்ததாக நீங்கள் சொன்ன தாய்லாந்து டேட்டா என்ட்ரி வேலைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பாங்காக் என்று அழைத்துப் போய் எல்லை தாண்டி மியான்மரில் மியாவடியில் அடைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலரை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த ஏஜென்ட் ஒத்துவராவிட்டால் கதை முடிந்துவிடாது. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது, பையனை அதில் பதியச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் புரொடெக்டர் அலுவலகம் பக்கத்தில்தான், மித்தி ஆற்றுக்கு அந்தப்பக்கம் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் (பிகேசி) விதேஷ் பவனில் இருக்கிறது.

திங்கட்கிழமை வளையலை அடகு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். அதை வியாழன் வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் ஏஜென்ட்டிடம் ஆர்.சி. நம்பரும் தமிழ் ஆஃபரும் கேட்டுவிட்டு, அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்.