1919 காட்சிக்கு எந்தத் ‘திரீ நாட் திரீ’?

கேள்வி: ஜாலியன்வாலாபாக் துப்பாக்கிச்சூட்டைக் குறும்படமாக எடுக்கிறோம். சிப்பாய்களுக்கு மரத்தில் மாதிரி ரைபிள் செய்கிறோம். எந்த மாடலைப் பார்த்துச் செய்வது? நடிகர்கள் அதை எப்படிக் கையாள வேண்டும்?

பதில்: ‘திரீ நாட் திரீ’ என்பது .303 தோட்டா போடும் லீ-என்ஃபீல்ட் ரைபிள். அதில் பல மாடல்கள் உண்டு. உங்கள் காட்சிக்குப் பொருந்துவது 1907-இல் வந்த எஸ்.எம்.எல்.இ. மார்க் 3. நீளம் 113 செ.மீ., எடை ஏறத்தாழ 4 கிலோ. வெறும் மரத்தில் செய்தால் நடிகரின் கை லேசாக ஆடுவதே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இரும்புக் கம்பி வைத்து எடை ஏற்றுங்கள்.

இணையத்தில் படம் தேடும்போது முனையைப் பாருங்கள். மார்க் 3-இல் குழல் வெளியே நீட்டாது. மொட்டையான இரும்புத் தொப்பியோடு ஒட்டி முடியும். குழல் துருத்திக்கொண்டிருந்தால் அது நம்பர் 4, இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. அதைவிட ஏமாற்றுவது 1960-களில் இந்தியாவில் தயாரான இஷாப்பூர் 2ஏ. முகப்பு அச்சு அசல் மார்க் 3 மாதிரியே இருக்கும். மேகசின் மட்டும் சதுரப் பெட்டியாக, 12 தோட்டா கொள்ளும். மார்க் 3-க்கு 10 தான்.

படங்களில் அதிகம் தவறுவது போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் அதன் குமிழைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, கீழே மடக்க வேண்டும். அடுத்த குண்டு அப்போதுதான் ஏறும். ரைபிளின் அடிக்கட்டை தோளை விட்டு இறங்கக்கூடாது. முன்னே தள்ளும்போதுதான் ஸ்பிரிங் ஏறும் என்பதால் அழுத்தம் அங்கேதான் தெரிய வேண்டும். குமிழ் வலப்பக்கம் இருப்பதால் இடக்கை நடிகரும் வலத்தோளில்தான் பிடிக்க வேண்டும். முன்வரிசைக்கு நாலைந்து மாதிரிகளில் போல்ட் அசைந்தால் போதும்.

மேகசினைக் கழற்றி மாட்ட வைக்காதீர்கள். 5 தோட்டா கொண்ட கிளிப்பை மேலே செருகி, கட்டைவிரலால் உள்ளே அழுத்துவார்கள். முழுதாக நிரப்ப இரண்டு கிளிப். சிக்கல் காட்ட வேண்டுமா? .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் தோட்டா முன்னே நகராது.

இனி கணக்கு. அன்று சுட உத்தரவிட்ட ஜெனரல் டயர் கூட்டிப்போனவர்களில் ரைபிள் வைத்திருந்தவர்கள் 50 பேர். கூட வந்த 40 கூர்க்காக்களிடம் குக்ரி என்ற வளைந்த கத்தி மட்டுமே. சுமார் 10 நிமிடத்தில் சுட்டது 1,650 ரவுண்டு. ஆளுக்குச் சராசரி 33. மேகசினில் இருந்த 10 போக மீதி 23. அதற்கே ஐந்து கிளிப் வேண்டும். அதாவது கூட்டம் ஓட வழியில்லாமல் தவிக்கும்போது சிப்பாய்கள் நின்று, நிதானமாக, மீண்டும் மீண்டும் நிரப்பியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை வெட்டிவிடாதீர்கள். அந்தக் கொடூரத்தின் அளவு இங்கேதான் தெரிகிறது. ‘காந்தி’ (1982), ‘சர்தார் உத்தம்’ (2021) இரண்டிலும் இந்தக் காட்சி உண்டு. ஒலியை அணைத்துவிட்டு, சிப்பாய்களின் வலக்கையை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

ஒலிக்கும் இதே கணக்குதான்: சராசரியாக நொடிக்கு 2.75 வெடி. ‘படார்’ என்று ஒரே சத்தம் வைத்து முடித்துவிட முடியாது. புகையைக் குறையுங்கள், கார்டைட் மருந்து வெண்புகை மண்டலம் எழுப்பாது, மெல்லிய படலம்தான். அதை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், வெற்றுத் தோட்டாவும் (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ளது) வேண்டாம். கிட்டத்தில் அதுவும் ஆளைக் காயப்படுத்தும். வெளியிடப் படப்பிடிப்பு என்றால், மாதிரிகளின் படத்தோடு உள்ளூர்க் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.