துண்டுத் துணியும் பழைய கார்டும்: டெக்கூபாஜ் கேள்வி பதில்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் வேலை செய்கிறேன். வெட்டி மிஞ்சும் துணியை டின்னிலும் போத்தலிலும் ஒட்டி வைப்பதைப் பார்த்துவிட்டு, அளவு கொடுக்க வருபவர்கள் எல்லாம் ஏதாவது கேட்கிறார்கள். படமோ துணியோ வெட்டிப் பொருளின் மேல் ஒட்டிப் பூச்சுப் பூசும் இந்தக் கைவேலைக்குத்தான் டெக்கூபாஜ் என்று பெயர். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

அக்கா, டெக்கூபாஜ் என்பது வெறுமனே படம் ஒட்டுவதுதானே? அதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஒட்டுவதோடு முடிந்தால் அது பள்ளிக்கூடத்து ஸ்கிராப் புக். இதில் ஒட்டிய பிறகுதான் பாதி வேலையே இருக்கிறது. மேலே மெல்லிய பூச்சாகப் பல தடவை பூசி, காயவிட்டு, லேசாகத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் காகிதத்தின் விளிம்பு விரலில் தட்டக்கூடாது. 18ஆம் நூற்றாண்டு வெனிஸில், சீனா, ஜப்பான் பாணியில் அரக்குப் பூசிய மரச்சாமான்களுக்கு ஏக கிராக்கி. அந்த விலை கொடுக்க முடியாதவர்களுக்காக, அச்சிட்ட படங்களை வெட்டி ஒட்டி மேலே வார்னிஷ் பூசிக் கொடுத்தார்கள். ஆக, இது தொடக்கத்திலிருந்தே சிக்கனக்காரர்களின் கைவேலை. பெட்டியோடு விற்கும் செட்டைத் தேடிப் போய் வாங்காதீர்கள்.

மோட் போட்ஜ் என்று கடையில் விற்கும் டெக்கூபாஜ் பசை இல்லாமல் செய்ய முடியாதா? விலை கட்டுப்படியாகவில்லை.

தாராளமாகச் செய்யலாம். மோட் போட்ஜ் 1967இல் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன்பும் மக்கள் ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெள்ளை கம் போதும். பிவிஏ என்று போட்டிருக்கும். இரண்டு பங்கு கம்முக்கு ஒரு பங்கு தண்ணீர். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: வெள்ளை கம் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் இளகும். நம் ஊர் ஈரக்காற்றில் பூசிய டின்னை அடுக்கி வைத்தால் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். அதனால் கடைசிப் பூச்சு கம்மாக இருக்கக்கூடாது. தண்ணீரில் கரைக்கும் வகை வார்னிஷ் ஒரு சின்ன டின் வாங்கி வையுங்கள். காசு செலவழிப்பதானால் அதில் செலவழியுங்கள்.

மைதா காய்ச்சி ஒட்டினால் என்ன? பாட்டி அதில்தான் சாமி படம் ஒட்டுவார்.

ஒட்டும். கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வந்து தின்னும். வேண்டாம்.

எனக்கு எப்போதும் சுருக்கம் விழுகிறது, நடுவில் காற்றுக் குமிழியும் நிற்கிறது.

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் விரியும். ஒட்டிய பிறகு விரிந்தால் அதற்குப் போக இடமில்லை, சுருங்கி நிற்கிறது. அதனால் விரிவதை முதலிலேயே விரியவிட வேண்டும். காகிதத்தின் பின்பக்கம் கம் பூசி அப்படியே சற்று வையுங்கள். விளிம்பு முதலில் சுருண்டு எழும், அப்புறம் தானே தளர்ந்து படுக்கும். அந்த நேரத்தில் எடுத்து, ஏற்கெனவே கம் தடவிய பொருளின் மேல் நடுப்பகுதி முதலில் படும்படி வையுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விரலால் தள்ளுங்கள். டோலுக்குக் காட்டும் பழைய டச் அண்ட் கோ பிளாஸ்டிக் அட்டையின் ஓரம் இன்னும் நன்றாக வேலை செய்யும். பிதுங்கி வரும் கம்மை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

குமிழி நின்றால் காய்ந்த பிறகு குண்டூசியால் ஒரு குத்து, அந்த ஓட்டையில் துளி கம், விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் அவசரம். அடிப்பூச்சு காயாமல் மேல்பூச்சுப் போட்டால் காகிதம் மறுபடி ஊறிக் கிளம்பும். இங்கே மத்தியான மழை பிடித்துவிட்டால் எதுவும் சீக்கிரம் காயாது. ஹேர் டிரையரைச் சூடாக வைத்து ஊதாதீர்கள், மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நிற்கும். மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டுச் சமையலைப் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் தீபாவளிக்கென்று உட்காருபவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே உட்காருவது நல்லது.

கல்யாணக் கார்டுகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. ஒட்டினால் விளிம்பு தூக்கிக்கொள்கிறது.

கார்டு தடிமன், அதுதான் சங்கடம். பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி, ஊறவிட்டு, ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். அட்டை அடுக்கடுக்காக உரிந்து வரும். ஒரே இழுப்பாக இழுக்காமல், கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தால், பொன்நிறப் பூ வேலை இருக்கும் மேல்தாள் மட்டும் மிஞ்சும். அதை ஒட்டினால் அசையாது. மேலே பிளாஸ்டிக் பூசிய கார்டாக இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் மேல் கம்மும் நிற்காது, வார்னிஷும் நிற்காது.

பிள்ளையார் படத்தை வெட்டலாமா? நாள்காட்டியிலும் கார்டிலும் அதுதான் அழகாக இருக்கிறது.

நான் வெட்டமாட்டேன். ஓரத்து மாங்காய் டிசைன், மயில், தாமரை என்று எவ்வளவோ இருக்கின்றன, அவை போதும். முழுப் படமாகப் பூஜை அறைப் பலகையில் ஒட்டுவதென்றால் அது வேறு, எனக்கு ஆட்சேபணை இல்லை. பேனா ஸ்டாண்டிலும் குப்பைக்கூடையிலும் வேண்டாம்.

துணி ஒட்டும்போது நூல் பிரிந்து பிரிந்து வருகிறது. எந்தத் துணி நல்லது?

இது என் தொழில், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலிடம் மெல்லிய காட்டனுக்கு. மெழுகு வைத்துச் சாயம் போட்ட பாத்தேக் துண்டு கிடைத்தால் யோகம். ஆனால் மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் கம் பட்டதும் பக்கத்துத் துண்டைக் கெடுக்கும். புதுத்துணியை ஒரு தடவை அலசி, கஞ்சி போக்கி, இஸ்திரி போட்டுவிட்டு எடுங்கள். பஞ்சாபி சூட்டில் மிஞ்சும் ஜார்ஜெட்டும் பாலியெஸ்டரும் கம்மை உறிஞ்சாது, வழுக்கும், அடியிலிருக்கும் கறையெல்லாம் தெரியும். பட்டுச் சேலையின் சரிகைக் கரை பார்க்க ஆசையாக இருக்கும். டின்னின் விளிம்பில் மடிக்கப் போனால் முறைத்துக்கொண்டு நிற்கும். சமதளமான மூடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூல் பிரியாமலிருக்க, வெட்டுவதற்கு முன்னாலேயே துணிக்குக் கம் போட வேண்டும். பிளாஸ்டிக் தாளின் மேல் துணியை விரித்து, தண்ணீர் கலந்த கம்மை மெல்லியதாகத் தடவிக் காயவிடுங்கள். மொடமொடவென்று அட்டை மாதிரி ஆகிவிடும். அப்புறம் பூவைச் சுற்றி எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் இழை வெளியே வராது.

போத்தல் கழுத்து போல வளைந்த இடத்துக்குக் கம் போட்டு விறைத்த துணி சரிவராது. கழுத்துப்பட்டிக்கு வெட்டுகிற மாதிரி கிராஸ் பீஸாக, குறுக்காக வெட்டிய சாதாரணத் துணிப்பட்டையை எடுங்கள். இழுத்தால் இழுத்த பக்கம் வரும், சுருக்கம் விழாது.

மைலோ டின்னில் வெள்ளைக் காகிதம் ஒட்டினேன், பச்சை தெரிகிறது.

மெல்லிய காகிதமென்றால் தெரியத்தான் செய்யும். உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் இரண்டு பூச்சு அடித்துவிட்டு ஒட்டுங்கள். அடி ஓரத்தில் துரு இருந்தால் முழுதாகச் சுரண்டி எடுங்கள். மிச்சம் வைத்தால் கம்மின் ஈரத்தில் துரு மேலே ஏறி, காகிதத்தில் பழுப்பாகத் தெரியும்.

பூப்போட்ட டிஷ்யூவை ஒட்டினால் கிழிகிறது.

அது இரண்டு, மூன்று அடுக்காக இருக்கும். பூ இருக்கும் மேல் அடுக்கை மட்டும் பிரித்து எடுங்கள். தூரிகை மென்மையாக இருக்கட்டும்.

முறுக்குப் போட்டு வைக்கும் பாலாங்கில், அதாவது மூடி போட்ட ஜாடியில் செய்யலாமா?

வெளியே மட்டும், வாய் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. உள்ளே கூடவே கூடாது. கம்மும் வார்னிஷும் சாப்பாட்டுக்கு ஆகாது. குழாயில் கழுவாமல் துடைத்து எடுங்கள். அகல் விளக்கு, மெழுகுவர்த்தி வைக்கும் கண்ணாடி என்று கேட்பவர்களுக்கும் இதோடு சொல்லிவிடுகிறேன்: காகிதமும் துணியும் நெருப்புக்கு அருகே வேண்டாம், பேட்டரி விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது எழுபதாகிறது. கை லேசாக நடுங்கும். இனிமேல் இதெல்லாம் வருமா?

வரும், அம்மா. மேரி டெலானி என்ற ஆங்கிலேயப் பெண்மணி வண்ணக் காகிதத்தை வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கியது 72ஆம் வயதில். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தார். இன்று அவை லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நடுக்கத்துக்கு ஒரு வழி: கத்தரியை அசைக்காமல் பிடித்து, காகிதத்தைத் திருப்புங்கள். அதுவும் சிரமமென்றால் கையாலேயே கிழியுங்கள். கிழித்த ஓரம் மெல்லியதாக இருப்பதால் வெட்டிய ஓரத்தைவிட நன்றாகப் படியும்.

தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்துப் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பெட்டி மூடியில் ஒட்ட ஆசை.

அசல் படத்தைத் தொடாதீர்கள். டவுனில் லேசர் பிரிண்டர் இருக்கும் கடையில் நகல் எடுங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் கம் பட்டதும் தாத்தா முகம் கலைந்துவிடும். சுற்றிலும் பழைய தமிழ்ப் பத்திரிகை ஒட்டுவதாக இருந்தால் அதையும் நகலெடுத்தே ஒட்டுங்கள். பத்திரிகைத் தாளில் மரச்சத்து அதிகம், வெளிச்சம் பட்டால் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். இரண்டு நகலாகவே எடுத்து வாருங்கள், ஒன்று பழகிப் பார்க்க.