கேளுங்க சொல்றோம்: எல்மினா விமானம் ஏன் விழுந்துச்சு?

கேள்வி: அண்ணே, 2023 ஆகஸ்ட் 17 சிலாங்கூர் எல்மினாவுல விழுந்த குட்டி விமானத்த பத்தி எங்க ஒட்டுக்கடையில இன்னும் சண்டை ஓயல. ஒருத்தர் எண்ணெய் தீந்துச்சுங்கிறார், இன்னொருத்தர் எஞ்சின் போச்சுங்கிறார், குண்டுன்னுகூட ஒருத்தர் அடிச்சுப் பேசுறார். நீங்க என்ன சொல்றீங்க?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எண்ணெய் தீந்திருந்தா கீழ விழுந்தப்ப அவ்ளோ பெரிய நெருப்பு எப்படி தம்பி வரும்? அது ரெட்டை எஞ்சின் ஜெட், பீச்கிராஃப்ட் பிரீமியர் 1, லங்காவியிலருந்து சுபாங் வந்துச்சு. ரெண்டு எஞ்சினும் நின்னாகூட கொஞ்ச தூரம் மிதந்துதான் இறங்கும், கார் டேஷ்கேம் வீடியோவுல பாத்த மாதிரி மூக்கு குத்தி விழாது. ஆபத்துன்னு விமானி கூப்பிடுற மேடே காலும் வரல.

நெசமான காரணம் வேற. இறக்கை மேல லிஃப்ட் டம்ப்னு தகடுங்க படுத்திருக்கும், சக்கரம் தரையில பட்டதும் அத எழுப்பிவிட்டா இறக்கையோட தூக்குற சக்தி செத்துடும், பிரேக் நல்லா பிடிக்கும். பறக்கும்போது தொடவே கூடாது. இறங்குறதுக்கு முன்னாடி செக்லிஸ்ட் பாத்தப்ப துணை விமானி தவறுதலா அத விரிச்சிட்டார்னுதான் விபத்து விசாரணையோட 2024 இறுதி அறிக்கை சொல்லுது. அவ்ளோ தாழ்வா பறக்கும்போது அத சரிபண்ண நேரம் எங்க இருக்கு?

உள்ள 8 பேர், ரோட்டுல சும்மா போய்ட்டிருந்த 2 பேர், மொத்தம் 10 உசுரு போச்சு. எல்மினாவும் ஒரு காலத்துல நம்மாளுங்க வேலை செஞ்ச எஸ்டேட்தான்.

குண்டுன்னு சொல்றவருக்கு ஒரு தே தாரேக் வாங்கிக் குடுத்து, போன்ல அந்த அறிக்கைய காட்டுங்க லா.