கேம்பாய் அட்வான்ஸில் ஐபிஎஸ் திரை பொருத்தியபின் ஒரு நொடி எரிந்து அணைந்துவிடுகிறது: கோளாறு திரையிலா, வேறெங்கேனுமா?

உங்கள் கேள்வியின்படி, நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் அட்வான்ஸை ஆன் செய்ததும் புதிய ஐபிஎஸ் திரையில் (பின்விளக்கு உள்ள எல்சிடி வகை) படம் ஒரு நொடி தெரிந்து அணைகிறது, பச்சையாக எரிய வேண்டிய பவர் விளக்கு, பேட்டரி தீர்ந்ததுபோல், சிவப்பாகிறது, பழைய திரையைத் திரும்ப மாட்டினால் கருவி ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே புதிய திரைதான் பழுது என்று முடிவு கட்டி, அதைத் திருப்பி அனுப்பப் போகிறீர்கள். தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். இதே நியாயத்தை நம்பி நானும் ஒரு திரையைத் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய மாற்றுத் திரையிலும் அதே கோளாறு வந்த பிறகுதான் வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் புத்தி வந்தது.

பழைய திரை ஓடுகிறது என்பதால் மின்வழி முழுவதும் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. 2001இல் வந்த இந்தக் கருவியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் ஒளியில்தான் படம் தெரியும். அதனால்தான் இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 15 மணி நேரம் விளையாட முடிந்தது. ஐபிஎஸ் திரையோ பின்விளக்கோடு வருவதால் கூடுதல் மின்னோட்டம் கேட்கிறது. உங்கள் பவர் சுவிட்சுக்குள் களிம்பேறி 2 ஓம் தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.1 ஆம்பியர் ஓடும்போது அங்கே 0.2 வோல்ட்தான் வீணாகும், கருவி அதைப் பொறுத்துக்கொள்ளும், 0.25 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் போய்விடும். ரீசார்ஜ் பேட்டரி போட்டிருந்தால் மொத்தமே 2.4 வோல்ட்தான் என்பதால், போர்டுக்குப் போய்ச் சேருவது 1.9 மட்டுமே. போதாததற்கு, உள்ளே மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்று, வரும் அழுத்தம் குறையக் குறைய இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் சுவிட்சில் வீணாவதும் கூடும். அந்த ஒரு நொடியில் நடப்பது இதுதான்.

நான் இருப்பது சென்னையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் துரு எட்டிப் பார்த்துவிடும். அப்படிப்பட்ட உப்புக்காற்றில், அலமாரியில் பதினைந்து வருடம் கிடந்த கருவியின் சுவிட்ச் மட்டும் எப்படித் தப்பும்? என்னுடையதைப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய தகடுகள் கறுத்து, ஓரத்தில் பச்சையாகப் பொடி பூத்திருந்தன. நீங்கள் திருவொற்றியூரில் இருப்பதாக எழுதியிருப்பதால், முதல் சந்தேகம் சுவிட்சின்மேல்தான் விழ வேண்டும் என்கிறேன்.

ஓம் அளவையில் வைத்துச் சுவிட்சைச் சோதிப்பதில் பெரிய பயனில்லை; மிகச் சிறிய மின்னோட்டமே ஓடும் நிலையில் அது நல்ல பிள்ளையாகவே காட்டக்கூடும். கருவியைத் திறந்து, போர்டில் பேட்டரி இணையும் முனைகளில் (பேட்டரியில் அல்ல) இரண்டு வயரைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, வெளியே ஒரு ஏஏ பேட்டரிப் பெட்டியை இணைத்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சுவிட்சுக்கு மின்சாரம் நுழையும் காலிலும் வெளியேறும் காலிலும் முனைகளை வைத்தபடி ஆன் செய்யுங்கள். நல்ல சுவிட்ச் என்றால் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். எனக்கு 0.62 காட்டியது, கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாம் முறையும் அளந்தேன்.

சுத்தம் செய்வது எளிது, ஆனால் அவசரம் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுவிட்சின் இடுக்கில் நான்கைந்து சொட்டு விட்டு, குமிழை நாற்பது ஐம்பது முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். நன்றாக உலரவிட்டு மறுபடி அளந்து, தேவையானால் இன்னொரு முறை செய்யுங்கள். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். ஆல்கஹாலும் பேட்டரிப் பெட்டியும் அங்கே கிடைக்கும். எனக்கு மூன்றாம் சுற்றில் 0.02க்கு இறங்கியது, திரை அன்று அணைந்தது நானாக அணைத்தபோதுதான். உங்களுக்கு இறங்காவிட்டால் சுவிட்சின் ஈயப்பற்றுகளைப் புதுப்பித்துப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் சுவிட்சையே மாற்றிவிடுங்கள்.

திரையைப் போர்டோடு இணைக்கும் தட்டையான கேபிளான ரிப்பனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தக் கருவியின் போர்டுகளில் 40 முனை, 32 முனை என இரண்டு வகை இணைப்பான்கள் உண்டு. ரிப்பன் சரியாக அமராவிட்டால் திரை வெள்ளையாக நிற்கும், அல்லது கோடு கோடாக வரும். ஒரு நொடி ஒழுங்கான படம் காட்டிவிட்டு, கூடவே விளக்கையும் சிவப்பாக்காது. ஆகவே அதை இப்போதைக்கு நோண்ட வேண்டாம், இணைப்பானின் மெல்லிய பூட்டு உடைந்தால் வேலை இரட்டிப்பாகும்.

இதையெல்லாம் தொடங்குமுன், போட்டிருப்பது ரிமோட்டுக்கு வாங்கும் மலிவான கார்பன் பேட்டரியா என்று பாருங்கள். சும்மா அளந்தால் அதுவும் 1.5 வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் படுத்துவிடும். சோதிக்கும்போதாவது புதிய ஆல்கலைன் பேட்டரியைப் போடுங்கள்.