வாகனப் புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் எப்படிக் கண்ணை எரிக்கும் பனிப்புகையாக மாறுகின்றன?

பெட்ரோல் பங்கில் ஆவியை முகரும்போது எரியாத கண், அதே ஹைட்ரோகார்பன்கள் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த பொருள்கள்) ஊர்க் காற்றில் கலந்து பனிப்புகை எனும் மாசு மூட்டமான பிறகு மட்டும் ஏன் எரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான பதில்: கண்ணை எரிப்பது பெரும்பாலும் வாகனக் குழாயிலிருந்து வெளிவந்த பொருள் அல்ல, அது வெயிலில் மாறிப் பிறந்த வேறு பொருள்.

இதை அறிய உலகம் பாடம் படித்த இடம் லாஸ் ஏஞ்சல்ஸ். 1943 ஜூலையில் அந்நகரைப் புகை மூடி மக்கள் கண்ணீர் வடித்தபோது, போர்க்காலம் என்பதால் ஜப்பானின் இரசாயனத் தாக்குதலோ என்றுகூடச் சிலர் அஞ்சினார்கள். பிறகு பழி செயற்கை ரப்பருக்காகப் பியூட்டடையீன் என்ற ஹைட்ரோகார்பனைத் தயாரித்த ஓர் ஆலையின் மீது விழுந்தது. ஆலையை நிறுத்திய பிறகும் புகை விலகவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளுடன் சேர்ந்து வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார்.

வினை நடக்கும் முறை இது. எஞ்சினிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது. வெயில் அதை உடைக்கும்போது விடுபடும் ஆக்சிஜன் அணு, ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. ஆனால் உடனே நைட்ரிக் ஆக்சைடு அந்த ஓசோனை விழுங்கி மீண்டும் டை ஆக்சைடாகிவிடுவதால், இவ்விரண்டு மட்டும் இருந்தால் ஓசோன் பெரிதாகச் சேராது. இந்தக் கணக்கைக் குலைப்பவை ஹைட்ரோகார்பன்கள். காற்றிலுள்ள ஹைட்ராக்சில் தனி உறுப்பு (இணை சேராத எலக்ட்ரான் கொண்டதால் எளிதில் வினைபுரியும் துண்டு) ஹைட்ரோகார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கிறது அல்லது அதன் இரட்டைப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சிய துண்டு ஆக்சிஜனை ஏற்றுப் பெராக்சி உறுப்பாகி, ஓசோனின் உதவியின்றியே நைட்ரிக் ஆக்சைடை டை ஆக்சைடாக்குகிறது. ஓசோனை அழிக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடு வேறு வழியில் செலவாகிவிட, ஓசோன் ஏறுகிறது. சங்கிலியின் முடிவில் ஹைட்ராக்சில் உறுப்பு மீண்டும் பிறப்பதால் வினை தொடர்கிறது.

ஓசோன்தான் பனிப்புகையின் அடையாளம் என்று பாடப்புத்தகங்கள் சொன்னாலும், வெளிக்காற்றில் காணும் அளவில் அது தாக்குவது நுரையீரலைத்தான். கண்ணை எரிப்பவை அதே சங்கிலியில் கிளைத்த பார்மால்டிஹைடு, அக்ரோலின், பெராக்சி அசிட்டைல் நைட்ரேட் ஆகியவை. உயிரியல் ஆய்வகத்தில் மாதிரி வைத்த ஜாடியைத் திறந்தவுடன் கண்ணைக் குத்துவது பார்மால்டிஹைடு. சட்டியில் எண்ணெய் கருகும்போது கண் கரிப்பதற்கு அக்ரோலினும் ஒரு காரணம். இவ்விரண்டும் விழிவெண்படல நரம்பு முனைகளிலுள்ள ஏற்பிப் புரதத்தோடு நேரடியாக வினைபுரிகின்றன. கண்ணீர் அவற்றைக் கழுவ உடல் காட்டும் எதிர்வினை. மூன்றாவது பொருளான பெராக்சி அசிட்டைல் நைட்ரேட், அசிட்டால்டிஹைடு போன்றவை சிதைந்து உண்டாகும் பெராக்சி உறுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடோடு இணைவதால் பிறக்கிறது. வெப்பத்தில் இது சீக்கிரம் உடையும். குளிர்ந்த காற்றிலோ நெடுந்தொலைவு பயணிக்கும்.

எல்லா ஹைட்ரோகார்பனும் இதில் சமமல்ல. மீத்தேன் ஹைட்ராக்சில் உறுப்போடு வினைபுரிந்து தீர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆவதால், ஒரு நாள் பனிப்புகையில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. பியூட்டடையீனோ பகல் வெயிலில் சில மணி நேரத்தில் தீர்ந்து, அக்ரோலினையும் பார்மால்டிஹைடையும் தருகிறது. ஆகவே 1943இல் அந்த ஆலையைச் சந்தேகித்தவர்கள் வேதியியல்படி முட்டாள்கள் அல்லர். ஓர் ஆலையை மட்டும் பார்த்தார்கள், சாலையில் ஓடிய இலட்சக்கணக்கான கார்களைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.